தங்கம் புற்றுநோயைக் கொல்லுமா?

தங்கம் என்றால் நமக்கெல்லாம் ஒரு தனி மயக்கம்தான். பிறந்த குழந்தைக்குத் தங்கத்தை உரைத்து நாக்கில் தடவினால் புத்தி வளரும், தங்கம் போட்ட மேனி மினுங்கும் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இப்போது புதிதாக ஒன்று காதில் விழுகிறது. தங்கம் சேர்ந்த மருந்து புற்றுநோயைக் கொல்கிறதாம்! புரளியா, நிஜமா? விசாரித்துப் பார்த்ததில் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று தெரிந்தது. புடைத்து எடுத்து, கல்லைத் தனியே, அரிசியைத் தனியே பிரிக்க வேண்டிய அவசியம் எங்கள் குடும்பத்துக்கே வந்துவிட்டது. அதனால்தான் பத்தாவது வரை படித்த நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெரிய நாத்தனாருக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று போன வருஷம் கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் ஆயிற்று. அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். அதில் ஒன்றின் பெயர் கார்போபிளாட்டின். "பிளாட்டினம்னா நகைக்கடையில விக்கிறாங்களே, அதுவா?" என்று நான் கேட்க, நர்ஸம்மா சிரித்துக்கொண்டே, "அதேதாங்க, ஆனா மருந்தா மாத்தினது" என்றார்.

இந்தச் செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. பிளாட்டினத்துக்கே இந்தக் குணம் என்றால் தங்கத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று உறவுக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். அடுத்த வாரமே இன்னொருவர் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் கையில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். தங்க பஸ்பமாம். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டுமாம். "ஆனா அந்த ஊசி மருந்தை நிறுத்திடணும். ரெண்டும் ஒத்துக்காது" என்றார். அவர் கேட்ட தொகைக்கு அண்ணியின் இரண்டு ஜோடி வளையலைக் கழற்ற வேண்டும். நாத்தனார் புருஷன் சரி என்று தலையாட்டிவிட்டார். தலைமுடி கொட்டி, வாயில் எதுவும் வைக்க முடியாமல் பெண்டாட்டி கிடப்பதைப் பார்க்கும் மனுஷர் வேறென்ன செய்வார்? நாலாவது தடவை மருந்து ஏற்ற இன்னும் ஐந்தே நாள்தான் இருந்தது.

என் அண்ணன் மகள் வேதியியலில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். அவளை வரவழைத்தேன். சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சாயங்காலம் சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் புரிந்தவரையில் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பிளாட்டினம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோஸன்பர்க் என்ற விஞ்ஞானி மின்சாரம் பாய்ச்சினால் பாக்டீரியா என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா இரண்டிரண்டாகப் பிரியாமல் இடியாப்பம் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. மின்சாரம் பாய்ச்சப் பயன்பட்ட பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்து வந்த பொருள்தான் பிரியவிடாமல் தடுத்தது என்று பிறகு தெரிந்தது. 1965ல் இதை வெளியிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் சிஸ்பிளாட்டின். 1978ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அண்ணிக்கு ஏற்றிய கார்போபிளாட்டின் அதற்குத் தங்கை. இவை செல்லின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்ற இழையைப் பிடித்து முறுக்கிவிடும். இழை சரியாக இல்லாததால் செல் தன்னைப் போல இன்னொன்றைச் செய்ய முடியாமல் செத்துப்போகும்.

சினைப்பைப் புற்றுநோய்க்கு முதலில் இந்த மருந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பலருக்கு நோய் திரும்பி வரும்போது அந்தச் செல்கள் பிளாட்டினத்துக்கு மசிவதில்லை. முறுக்கின இழையைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும். டாக்டரம்மாவே எங்களிடம் இதை மறைக்காமல் சொன்னார். அந்த இடத்தில்தான் விஞ்ஞானிகளுக்குத் தங்கத்தின் மேல் கண் விழுந்தது.

"தங்கம்தானே அத்தை துருப்பிடிக்காது, கறுக்காது? எதோடும் சேராததுதானே அதோட பெருமை?" என்று கேட்டாள் பெண். வாஸ்தவம்தான். வெள்ளிக் கொலுசு ஆறு மாதத்தில் கறுத்துவிடுகிறது. காற்றில் இருக்கும் கந்தகம் செய்கிற வேலை அது. ஆனால் அம்மா போட்ட தோடு எனக்கு வந்து, என் பெண்ணுக்கும் போகப்போகிறது, அப்படியே இருக்கிறது. நாம் அணியும் தங்கம், தங்கக் காகிதம், விழுங்கின தங்கத்தூள் எல்லாம் இந்த ரகம். வயிற்றில் போனாலும் பெரும்பாலும் போன வழியே வெளியே வந்துவிடும்.

நகை செய்கிற பத்தரைக் கேட்டால் ராஜ திராவகம் என்று ஒன்று சொல்வார். தங்கமே கரைகிற அமிலம். அப்படிக் கரைத்த பிறகு தங்கம் பழைய தங்கமாக இருப்பதில்லை. பார்வைக்கு மினுக்கமும் இருக்காது. சேராதிருந்தது இப்போது சேரத் துடிக்கும். அதிலும் கந்தகத்தைக் கண்டால் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும். கந்தகத்துக்குக் கூடப் பிறந்த தம்பி போல செலினியம் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதைக் கண்டால் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மருந்தாக்குகிறவர்கள் இந்த நிலையில் உள்ள தங்கத்தைப் பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த வேறு பொருள்களோடு கோர்த்து, உடம்பில் போய்ச் சேரும்வரை அடங்கி இருக்கும்படி செய்கிறார்கள். தங்கச் சேர்மம் என்பது இதைத்தான்.

இப்படிப்பட்ட ஒரு மருந்தின் பெயர் ஆரனோஃபின். 1985ல் அமெரிக்காவில் மூட்டுவாதத்துக்கு அனுமதி பெற்றது. மாத்திரையாக விழுங்கலாம். அதன் எடையில் 29 சதவீதம் தங்கம். ஒரு நாளைக்கு வழக்கமான அளவு 6 மில்லிகிராம். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 1.74 மில்லிகிராம் தங்கம். அப்படியானால் 8 கிராம் சுத்தத் தங்கம் ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காணும்! தங்க வைத்தியம் என்றால் வளையலைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புற்றுநோய்ச் செல்லுக்குள் போய் இது என்னதான் செய்கிறது?

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஒரு சமையலறை. மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள் உள்ளே எரிந்துகொண்டிருக்கின்றன. ஆக்சிஜனை வைத்துச் சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கின்றன. அடுப்பெரிந்தால் கரியும் புகையும் வராமல் இருக்குமா? அதே போல எதையும் அரித்துவிடும் ஒருவகை ஆக்சிஜன் கழிவு உண்டாகிறது. அதைத் துடைத்துக்கொண்டே இருக்க தயோரெடாக்ஸின் என்று ஒரு சின்னப் புரதம். அதைக் கைத்துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். துடைத்துத் துடைத்து அழுக்கான துணியைத் துவைத்து மறுபடி கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் தயோரெடாக்ஸின் ரிடக்டேஸ் என்கிற என்சைம். பெயர்தான் வாயில் நுழையவில்லை, வேலை நமக்குத் தெரிந்த வேலைதான்.

இந்தத் துவைக்கிற ஆளின் உடம்பில் ஓர் ஓரத்தில், சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு முந்தின கண்ணியில், செலினியம் இருக்கிறது. அதுதான் அவருடைய கை. தொங்கவிட்ட முந்தானை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தங்கம் நேராக வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. விடுவதில்லை. துணி துவைப்பது நின்றுபோகிறது. கரி சேருகிறது. கடைசியில் அடுப்புகளின் சுவரே உடைந்து, உள்ளிருந்த பொருள் கசிகிறது. அது, 'இனி நீ அழிந்துபோ' என்று செல்லுக்குக் கொடுக்கும் உத்தரவாகி, செல் தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறது.

அப்படியானால் நல்ல செல்லும் செத்துப்போகாதா என்று நான் உடனே கேட்டேன். என்னைப் போலவே நீங்களும் கேட்டிருப்பீர்கள். நல்ல செல் நம் வீட்டுச் சமையலறை. ஒரு நாள் துவைக்கிற ஆள் வராவிட்டால் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். புற்றுநோய்ச் செல் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு. இராப்பகலாக எரிகிறது, மலை மலையாகக் கரி. அங்கே பல சமயம் இந்தத் துவைக்கிற என்சைம் கூடுதலாகவே இருக்கும். அது இல்லாமல் ஒரு வேளை தள்ளாது. ஆகவே தங்கம் கையைப் பிடித்தால் முதலில் தத்தளிப்பது கல்யாண வீடுதான். ஆனால் வித்தியாசம் அளவில்தான். நல்ல செல்லுக்குப் பாதிப்பே கிடையாது என்று எண்ணிவிடக் கூடாது. ஆரனோஃபின் சாப்பிட்ட மூட்டுவாதக்காரர்களுக்கு வயிற்றுப்போக்கு சர்வ சாதாரணம். தோலில் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் இறங்குவது, இரத்தத்தில் தட்டணுக்கள் குறைவது எல்லாம் உண்டு.

பிளாட்டினம் பிடிப்பது இழையை, தங்கம் பிடிப்பது துவைக்கிற கையை. இடம் வேறாக இருப்பதால் பிளாட்டினத்துக்கு மசியாத செல்லைத் தங்கம் மடக்கக்கூடும் அல்லவா? 2007ல் இத்தாலியில் படுவா நகர விஞ்ஞானிகள் இதைத்தான் சோதித்தார்கள். சிஸ்பிளாட்டினுக்கு அடங்காத சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களை எடுத்து ஆரனோஃபினைப் போட்டார்கள். செல்கள் செத்தன. அந்த என்சைம் வேலையை நிறுத்தியிருந்ததையும் அளந்து காட்டினார்கள். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் வேறொரு வகைத் தங்கச் சேர்மத்தை 2003லிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். "அப்படின்னா அண்ணிக்கு அதையே கொடுக்கச் சொல்லலாமே!" என்றேன். "கண்ணாடித் தட்டுல செத்தது அத்தை, மனுஷ உடம்புல இல்ல" என்றாள் பெண். பிறகு தங்கத்தின் பழைய கதையைச் சொன்னாள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் மனசில் பதிந்தது.

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தாரே ராபர்ட் கோக், அவர் 1890ல் தங்கம் சேர்ந்த ஒரு சயனைடு உப்பு அந்தக் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளரவிடாமல் தடுக்கிறது என்று சொன்னார். உடனே எங்கும் நம்பிக்கை. 1920களில் சானோகிரைஸின் என்ற தங்க ஊசி டென்மார்க்கிலிருந்து வந்தது. தேசம் தேசமாகக் காசநோயாளிகளுக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் மிச்சிகனில் மட்டும் சில டாக்டர்கள், 'நிஜமாகவே குணமா பார்ப்போம்' என்று 24 நோயாளிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக ஒரே மாதிரி பிரித்தார்கள். எந்தப் பக்கத்துக்குத் தங்கம் என்பதைக் காசைச் சுண்டிவிட்டு முடிவு செய்தார்கள், பூவா தலையா! மற்றப் பன்னிரண்டு பேருக்கு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 1931ல் முடிவு வந்தது. தங்கத்தால் ஒரு பலனும் இல்லை, கெடுதல்தான் மிச்சம். ஊசி போட்டவர்கள் அத்தனை பேரும் கெட்ட எண்ணத்தோடா போட்டார்கள்? குழாயில் செத்த கிருமி நெஞ்சிலும் சாகும் என்று நம்பிவிட்டார்கள்.

தங்கத்தின் அதிர்ஷ்டம் வேறு வழியில் வந்தது. பிரான்ஸில் ழாக் ஃபோரெஸ்டியே என்ற டாக்டர் மூட்டுவாதமும் காசநோய் போன்றதுதானோ என்ற எண்ணத்தில் 1929ல் தங்க ஊசியை மூட்டுவாதக்காரர்களுக்குக் கொடுத்தார். எண்ணம் சரியில்லை, ஆனால் வலி குறைந்தது! பிறகு முறையான பரிசோதனையிலும் நிரூபணம் ஆகி, பல வருஷம் தங்க ஊசி மூட்டுவாதத்துக்குக் கைகொடுத்தது. மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை வந்த பிறகு தங்கம் பின்னால் போய்விட்டது.

புற்றுநோய் விஷயத்திலும் அதே இடறல் உண்டு. நம் இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் நிறைய ஓடுகிறது. அதிலும் கந்தகம் இருக்கிறது. தங்கம் கட்டிக்குப் போவதற்கு முன் வழியிலேயே அதோடு ஒட்டிக்கொண்டுவிடும். கோயிலுக்குப் புறப்பட்டவர் வழியில் பேச்சுத் துணை கிடைத்து அங்கேயே உட்கார்ந்துவிடுகிற மாதிரி. விழுங்கின மாத்திரையில் கால் பங்குத் தங்கம்தான் உடம்பில் சேரும் என்கிறார்கள். 1985ல் எலிகளிடம் சோதித்தபோது வயிற்றுக்குள் இருந்த ஒருவகை இரத்தப் புற்றுநோய்ச் செல்களுக்கு, வயிற்றிலேயே நேராக ஊசி போட்டபோது பலன் தெரிந்தது. மற்ற வழியில் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. இப்போது பாதி ஆராய்ச்சி, தங்கம் வழியில் நிற்காமல் போய்ச் சேரும்படி அதை எதோடு கோர்ப்பது என்பதில்தான் நடக்கிறதாம்.

மனிதர்களிடம் சோதிக்கவே இல்லையா என்றால், சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் உல்ம் நகரில் மூளைக் கட்டி திரும்பி வந்த பத்துப் பேருக்கு வழக்கமான மருந்தோடு வேறு ஒன்பது மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, தாங்க முடிகிறதா என்று பார்த்தார்கள். அந்த ஒன்பதில் ஆரனோஃபின் ஒன்று. முடிவு 2021ல் வெளியானது. ஒன்பதும் சேர்ந்து போகும்போது எது எதைச் செய்தது என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் சின்னச் சின்னப் பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் தங்கச் சேர்மம் எதுவும் இன்றுவரை புற்றுநோய் மருந்தாக அனுமதி பெறவில்லை.

தங்க பஸ்பத்துக்கு வருகிறேன். சித்த வைத்தியத்தில் வழிவழியாக இருப்பது. அதைக் குறை சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் ஆயுர்வேத ஸ்வர்ண பஸ்மத்தை நுட்பமான கருவிகளில் வைத்துப் பார்த்ததில், அதில் இருப்பது பெரும்பாலும் மிக மிக நுண்ணிய தங்கத் துகள்கள், அதாவது உலோகமாகவே இருக்கும் தங்கம் என்று தெரிந்திருக்கிறது. இத்தனை நேரம் சொன்ன ஆரனோஃபின் வேறு சமாசாரம். ஒன்றின் ஆராய்ச்சியைக் காட்டி மற்றதை விற்கிறார்கள். பஸ்பம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று மனிதர்களிடம் முறையாக நிரூபித்தது கிடையாது. அதோடு பொட்டலத்தில் இருப்பது பஸ்பம்தானா என்று யார் கண்டது?

இதையெல்லாம் நான் அண்ணன் எதிரில் பாடமாக ஒப்பிக்கவில்லை. அன்று இரவு ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். "அண்ணா, சாப்பிடறதா வேண்டாமான்னு அப்புறம் பேசலாம். ஊசியை நிறுத்துன்னு சொல்றாரே, நிறுத்தி நோய் பெருகினா அவர் வந்து நிப்பாரா?" அவர் பதில் பேசவில்லை. அண்ணிதான் கட்டிலில் படுத்தபடி, "நான் திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். பொட்டலத்தை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். ஆறு தடவையும் முடித்துவிட்டார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. திரும்பி வந்தால் என்ன என்ற கேள்வி இருக்கத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்து, பக்கத்தில் பஸ்பமோ லேகியமோ சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து பலபேர் சொல்வதில்லை. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைச் சோதித்துப் பார்க்கிற மருந்து. கூடவே என்ன போகிறது என்று தெரியாவிட்டால் கிரியாட்டினின் ஏறும்போது எதனால் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பொட்டலத்தையே கையோடு எடுத்துப் போய்க் காட்டலாம்.

'தங்க மருந்து ஆராய்ச்சி நடக்கிறது, சேர்கிறீர்களா' என்று யாராவது கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது. நம் நாட்டில் நோயாளிகளிடம் நடத்தும் மருந்துப் பரிசோதனைகளை அரசின் பதிவேட்டில் பதிய வேண்டும். 2007ல் தொடங்கியது, 2009லிருந்து கட்டாயம். பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஆராய்ச்சியில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது வழக்கமில்லை. ஒப்புதல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் வேண்டாம் என்று விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதியிருப்பார்கள்.